ஏரிக்கு எத்தனை பேர்

இந்த ஸ்டாண்டை யாராவது அருவிக்குள் தள்ளிவிட்டால் தேவலை. நான் தள்ள மாட்டேன், எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது. காற்றடித்து அதுவாகவே சாய்ந்தால்கூடப் போதும். ஓடிப்போய் எட்டிப் பார்த்து, அடடா என்று சொல்லி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பேன். மனசு மட்டும் அதற்குள் ஏரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருக்கும். இப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் நின்றிருந்தாள்.

காற்று அடிக்கவில்லை. மூன்று கால்களையும் பாறையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு கேமரா ஸ்டாண்டு அசையாமல் நின்றது. அதன் பின்னால் குனிந்திருந்தார் நாத்தனாரின் கணவர். எங்கே போனாலும் ஸ்டாண்டும் கையுமாகப் போவதால் குடும்பத்தில் எல்லாருக்கும் அவர் ஸ்டாண்டு மாமா. முறைப்படி அவளுக்கு அண்ணா. வாயால் அப்படித்தான் கூப்பிடுவாள், மனசுக்குள் ஸ்டாண்டு மாமாதான்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாம்மா. நீ நிக்கிற இடத்துல அருவி மறையுது."

"நான் வேணா தள்ளிப் போயிடறேண்ணா. அருவியை மட்டும் எடுங்க."

"ஆள் இல்லாத அருவியைப் பாக்கக் காலண்டர் போதுமே. எதுக்கு இவ்வளவு தூரம் நடக்கணும்?"

"சிரிச்ச மாதிரி நில்லேன்," என்று விலாவில் இடித்தாள் நாத்தனார். "பல்லு பிடுங்க வந்தவ மாதிரி நிக்கறே."

அவள் சிரித்தாள். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தாள், பார்ப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று. மணி பதினொன்றரை.

இந்த மலைப் பூங்காவுக்கு வருகிறவர்கள் மூன்று இடம் பார்ப்பார்கள். ஏறும் வழியில் முதலில் இந்த அருவி. அதற்கு மேல் முக்கால் மணி நேரம் நடந்தால், மலை இரண்டாகப் பிளந்துகொண்டு கிடக்கும் இடுக்கு, அதன் குறுக்கே ஓர் இரும்புப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வனக்காவலர் சாவடி. சாவடியைத் தாண்டி ஒரு மணி நேர ஏற்றத்தில் ஏரி. பகல் ஒரு மணிக்கு மேல் ஏரிக்கு யாரையும் விடமாட்டார்கள், இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும் என்பதற்காக. அதுவும் இன்றோடு சரி. நாளையிலிருந்து குளிர்காலம் முடியும்வரை மேல்பாதைக்குப் பூட்டு.

பன்னிரண்டு வருடங்களாக இந்த ஊரில் இருக்கிறாள். இரண்டு தடவை வந்திருக்கிறாள். முதல் தடவை நாத்தனாரின் சின்னவன் வழியெல்லாம் வாந்தியெடுத்ததில் அருவியோடு திரும்பினார்கள். அடுத்த தடவை பாலம் வரை போய் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது கணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. பன்னிரண்டாம் தேதி லாரி வருகிறது. அவள் தன் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டிகளின் மேல் 'சமையலறை', 'புத்தகம்', 'உடையும் பொருள்' என்று பட்டையான பேனாவால் எழுதியதும் அவள்தான்.

ஏரியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அலுவலகத்தில் கோப்பு அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய காலண்டர் தொங்குகிறது. படம் நன்றாக இருக்கிறதென்று யாரும் அதைக் கழற்றவில்லை. இந்த ஏரிதான் படம். வலது பாதி தெரியும்: கரும்பச்சைத் தண்ணீர், கரையில் மஞ்சளாக மரங்கள். இடது பாதியை அலமாரி மறைத்துவிடும். போனில் தேடினால் ஆயிரம் படம் வரும். அவள் தேடவில்லை. நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று எதற்காகவோ அதை மட்டும் மிச்சம் வைத்திருந்தாள்.

போன வாரம் அவள்தான் கேட்டாள், கிளம்புவதற்குள் ஒரு தடவை ஏரிக்குப் போகலாமா என்று. கணவன் உடனே சரி என்றான். அவன் எதற்குமே இல்லை என்று சொல்கிற ஆள் கிடையாது. மறுநாளே அக்காவுக்குப் போன் போட்டு அவர்களையும் கூப்பிட்டுவிட்டான். ஏழு மணிக்குக் கிளம்பலாம் என்று பேச்சு. நாத்தனார் வீட்டில் இன்னொரு காபி, இன்னொரு தட்டு, வீட்டைப் பூட்டிய பிறகு கேமரா பேட்டரி என்று ஒன்பதரை ஆகிவிட்டது.

"ஏன் பறக்கறே? ஏரி எங்கயும் போயிடாது," என்றான் கணவன், அருவியை விட்டு மேலே ஏறும்போது.

"ஏரி போகாது. கேட்டை மூடிடுவாங்க."

"ஒரு மணிக்குத்தானே. பாத்துக்கலாம் விடு."

பாதை முழுக்க மஞ்சள் இலை. மரங்கள் பாதியை உதிர்த்துவிட்டுப் பாதியை வைத்துக்கொண்டு, முடிவெடுக்கத் தெரியாத ஆட்களைப் போல நின்றன. வெயில் விழாத திருப்பங்களில் காலைப் பனி இன்னும் கரையாமல் புல்லின் மேல் வெள்ளையாக ஒட்டியிருந்தது. எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, திரும்பி, மூன்று தலைகள் தெரிகிறவரை காத்திருந்தாள். தெரிந்ததும் தற்செயலாக நின்றவள் போல ஷூ கயிற்றைச் சரி செய்தாள். நாலு திருப்பத்தில் நாலு தடவை.

மூன்றாவது திருப்பத்திலேயே நாத்தனார் காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள். இதற்கென்றே தள்ளுபடியில் வாங்கிய புது ஷூ.

"ஷூ கடிக்குதா அண்ணி?"

"கடிக்கல. முத்தம் குடுக்குது."

"அன்னிக்கே சொன்னேனே, ஒரு வாரம் வீட்டுக்குள்ள போட்டு நடங்கன்னு."

"வீட்டுக்குள்ள ஷூ போட்டு நடந்தா உங்க அண்ணன் போட்டோ எடுத்துடுவாரு."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாரோடு இதுதான் தொல்லை. முழுசாகக் கோபப்பட விடமாட்டாள்.

பாலத்தை அடைந்தபோது பன்னிரண்டு இருபது. கீழே, தலை சுற்றும் ஆழத்தில், பச்சை நாடா மாதிரி ஆறு. இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக நின்றது, யாரோ வெட்டி வைத்துவிட்டு மூட மறந்த மாதிரி. ஸ்டாண்டு மாமா பாலத்தின் நட்டநடுவில் மூன்று கால்களையும் விரித்தார். யாராவது நடந்தால் பாலம் அதிர்ந்தது, பாலம் அதிர்ந்தால் படம் கலங்கியது. ஒவ்வொரு கூட்டமும் கடந்து போகும்வரை காத்திருந்தார். கடைசியாகக் கலங்காத படம் ஒன்று கிடைத்தபோது மணி பன்னிரண்டு நாற்பது.

சாவடிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெஞ்சு. நாத்தனார் அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். காலுறையில் குதிகால் இருக்கும் இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம். அவள் தன் கைப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, நாத்தனாரின் காலடியில் மண்டியிட்டு, தோல் உரிந்த இடத்தைத் துடைத்து ஒட்டினாள்.

"இனிமே ஒரு அடிகூட என்னால முடியாதுப்பா," என்றாள் நாத்தனார். பாவனை இல்லை. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் கட்டியிருந்தது.

கணவன் மணியைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாக.

"சரி, அப்ப நாங்க சட்டுன்னு ஏரிக்குப் போயிட்டு வந்துடறோம்," என்றான்.

மண்டியிட்டபடியே அவள் அதைக் கேட்டாள். நாங்க.

நகராட்சி அலுவலகத்தில் அவளுக்குச் சுருக்கெழுத்தர் வேலை. கூட்ட அறையில், ஜன்னலை ஒட்டிய சின்ன மேசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதையெல்லாம் கோடும் வளைவுமாகப் பிடித்து, பிறகு தட்டச்சு செய்து தர வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் பொறியாளர், "இந்தத் தாமதத்துக்கு நாங்கதான் பொறுப்பு" என்றார். அவசரத்தில் அவள் 'நாம்தான் பொறுப்பு' என்று அடித்துவிட்டாள். எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தலைவரும் பழியில் பங்காளியாகிவிட்டார். அவர் கூப்பிட்டு, "என்னை எப்பம்மா அதுல சேத்தே?" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் அவளுக்கு 'நாம்' என்றே பெயர். அன்றிலிருந்து அந்த ஒரு இடத்தில் மட்டும் காது தீட்டி வைத்த மாதிரி ஆகிவிட்டது. வேலையைப் பங்கு போடும்போது அதிகாரிகள் எல்லாரும் நாம என்பார்கள். பாராட்டு வந்தால் நாங்க என்பார்கள். அவள் கேட்டுக் கேட்டு எழுதுவாள்.

வீட்டுக்கு வந்தால் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிடுவதாகத்தான் நினைத்திருந்தாள். நாம ஞாயித்துக்கிழமைக்குள்ள சாமானெல்லாம் கட்டிடணும். நாம அம்மாவுக்கு மருந்து வாங்கி அனுப்பணும். நாம ரேஷனை மாத்தி எழுதணும். அத்தனை நாமவும் இப்போது வரிசையாக வந்து நின்றன. அத்தனையையும் செய்தவள் ஒருத்தி.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "நாங்கன்னா யாரு?"

"நானும் மாமாவும்தான். அந்த ஸ்டாண்டை அவரு ஒருத்தரா தூக்கிட்டு ஏற முடியாது. நீ அக்காகூட இரு. பொம்பளைக்குப் பொம்பளை துணையா இருக்கும்."

"அண்ணா இருக்கட்டுமே அண்ணிகூட."

ஸ்டாண்டு மாமா வானத்தைப் பார்த்தார். "இன்னிக்கு லைட்டு பிரமாதமா இருக்கும்மா. விட்டா ஆறு மாசத்துக்குக் கிடைக்காது."

"எனக்கும் கிடைக்காதுண்ணா."

அவர் அதைக் காதில் வாங்காமல் லென்ஸைத் துடைத்தார்.

"அவளும் போகட்டும் தம்பி," என்றாள் நாத்தனார், பெருமூச்சோடு. "எனக்கென்ன, தனியா உக்காந்திருக்கேன். கரடி வந்தா பேசிக்கிட்டிருக்கேன்."

சாவடி ஜன்னலிலிருந்து காவலர் தலையை நீட்டினார். "கரடியெல்லாம் இங்க வராதும்மா. நீங்க போடற சத்தத்துக்கு அதுதான் பயப்படணும். தனியா இருக்க பயமா இருந்தா உள்ள வந்து உக்காருங்க, ஹீட்டர் இருக்கு."

"தனியா போனா மேல ஆள் இருப்பாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இப்பத்தான் ஒரு ஏழெட்டுப் பேரு போனாங்க. ஏரியில எங்க ஆளுங்க ரெண்டு பேரு இருக்காங்க."

கணவன் அவள் முழங்கையைப் பிடித்து மெல்ல ஓரமாக அழைத்துப் போனான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இங்க பாரு. இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வெச்சுக்கலாமா? அவங்க நம்மளை வழியனுப்பணும்னு வந்திருக்காங்க. அக்கா மனசு கஷ்டப்படும். நாம அடுத்த வருஷம் வரலாம். நாம ரெண்டு பேர் மட்டும். ரெண்டு நாள் தங்கியே பாக்கலாம்."

அவள் உடம்பு முழுக்க அந்த வார்த்தைக்கு இளகியது. கொஞ்ச நேரம் முன்பு வராத வார்த்தை. காலையிலிருந்து, இல்லை, போன வாரத்திலிருந்து அவள் கேட்க நினைத்தது இதுதான்: நாம ரெண்டு பேர் மட்டும். அவன் பொய் சொல்லவும் இல்லை. சொல்லும்போது நம்பித்தான் சொல்லுவான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. புது ஊரிலிருந்து இங்கே வர ஒன்றரை நாள் ரயில். அங்கே போய் வீடு பிடித்து, அவள் வேறு வேலை தேடி, அடுத்த வருடம் இலை மஞ்சளாகும்போது இப்படி ஒரு பேச்சு இருந்ததே அவனுக்கு நினைவிருக்காது. நினைவுபடுத்தினால் பாத்துக்கலாம் விடு என்பான். வராத வருடத்துக்கு நாம. இன்றைக்கு நாங்க.

எரிச்சல் அவன் மேல் மட்டும் இல்லை. அவன் "நீ அக்காகூட இரு" என்ற உடனே தன் கால்கள் பெஞ்சை நோக்கி ஒரு அடி வைத்ததை அவள் பார்த்துவிட்டாள். யாரும் தள்ளவில்லை. மனசு முரண்டு பிடித்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு போய் உட்காரத் தயாராக இருந்தது. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் போலிருக்கிறது: மனசுக்குள் ஸ்டாண்டை அருவியில் தள்ளிக்கொண்டே.

"பன்னெண்டு அம்பத்தி நாலு ஆச்சு," என்றார் காவலர், பேனாவை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு. "ஏரிக்கு எத்தனை பேரு? சொன்னா எழுதிடுவேன்."

"ரெண்டு பேர்," என்றான் கணவன். பேசி முடித்த நிம்மதி அவன் குரலில் தெரிந்தது. தோளில் மாட்டியிருந்த பெரிய பையைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினான். பிளாஸ்க், ரொட்டி, நாத்தனாரின் ஸ்வெட்டர், ஸ்டாண்டின் உறை எல்லாம் அதில்தான். "இதைக் கொஞ்சம் வெச்சுக்கோ. ரெண்டரை மணி நேரத்துல வந்துடுவோம்."

அவள் பையைத் திறந்து தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டாள். மறுபடி ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இல்லைங்க," என்றாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாக, சாதாரணமாக இருந்தது. "நான் இங்க இருக்கல. ஏரிக்குப் போயிட்டு வர்றேன். அண்ணிகூட யாரு இருக்கறதுன்னு நீங்க பேசிக்கோங்க."

"இப்பத்தானே சொன்னேன், அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் வேண்டாங்க."

பை அவன் கையிலேயே நீட்டியபடி இருந்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.