எக்கோ பெட்டியில் ஒரு விசில்

"கீ...ச்!"

செமோர் கல்யாண மண்டபத்தில் அந்தச் சத்தம் கிளம்பியபோது பந்தி பாதியில் இருந்தது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்தினார்கள். மணப்பெண் பொத்தினாள். மாப்பிள்ளை தன் காதைப் பொத்துவதா, அவள் காதைப் பொத்துவதா என்று ஒரு கணம் தடுமாறிவிட்டுத் தன் காதையே பொத்திக்கொண்டான். மேடையில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த சீனி, குச்சிகள் இரண்டையும் போட்டுவிட்டுப் பொத்தினான்.

பொத்தாமல் நின்றவன் ஒருவன்தான். லீட் கித்தார் வாசிக்கும் லியோனார்ட். கையில் கித்தார் இருந்தது. அவன் எப்படிப் பொத்துவான்?

முத்துச்சரம் இசைக்குழுவின் தலைவர் அர்ச்சுனன் ஆர்கனை விட்டு எழுந்து ஓடிவந்தார். லியோனார்ட்டின் காலடியில் சின்ன சூட்கேஸ் அளவுக்கு ஒரு பெட்டி இருந்தது. அதன் சுவிட்சைத் தட்டினார். சத்தம் நின்றது. அதற்குப் பிறகு கடைசிப் பாட்டு வரைக்கும் லியோனார்ட் பெட்டி இல்லாமல் வெறும் கித்தாரைத்தான் வாசித்தான்.

அதுதான் எக்கோ பெட்டி. உள்ளே ஒரு டேப் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கித்தாரில் ஒரு சுரத்தை அடித்தால் டேப் அதைப் பிடித்துக்கொண்டுபோய், கொஞ்சம் பொறுத்துத் திருப்பித் தரும். மலைக்குகைக்குள் நின்று வாசிப்பது போல இருக்கும். ஈப்போவில் ஒரு சீன பேண்டுகாரர் கைமாற்றிவிட்ட சாமான். அது வந்த பிறகுதான் லியோனார்ட் 'லீட் லியோ' ஆனான். பகலில் வேலை பார்க்கும் கல்குவாரியில் அவனுக்கு அந்தப் பெயர் கிடையாது. அங்கே பதினொரு வருடமாக மலையில் துளை போடும் டிரில் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பவன், அவ்வளவுதான்.

சாமான்களை வேனில் ஏற்றும்போது அர்ச்சுனன் பேச்சை எடுத்தார்.

"லியோ, ஒரு மாசமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பாட்டு ஒரு பக்கம் போவுது, உன் கித்தார் பின்னால நடந்து வருது. இன்னிக்கு என்னடான்னா கல்யாண வீட்டையே அலற வச்சிட்ட."

"நான் இல்லண்ணே, பொட்டிதான். டேப்பு லம்பாட்டா, ரொம்ப மெதுவா திரும்புது. அதோட உள்ள ஒரு விசில் வேற. நிக்காம கேட்டுக்கிட்டே இருக்கு."

"பொட்டியோ நீயோ, எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழம கே.எல்.லேர்ந்து இசைத்தட்டுக்காரன் வாரான். மூணு பேண்டக் கேட்டு ஒண்ண எடுப்பான். வியாழக்கிழமக்குள்ள சரியாச்சுன்னா நீ வாசி. இல்லாட்டி பாரிட் புந்தார் பெர்னார்ட வரச் சொல்லிருவேன். அவன் தயாரா இருக்கான்."

லியோனார்ட் எக்கோ பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினான். இசைத்தட்டின் உறையில் தன் பெயர் எங்கே வரும், எந்த எழுத்தில் வரும் என்பதுவரை அவன் மனைவி ஹில்டாவிடம் சொல்லி வைத்திருந்தான். அந்த இடத்தில் பெர்னார்ட் என்று மனதில் அச்சடித்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் கிளினிக்குக்குப் போய் வயிற்றுவலி என்று சொன்னான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து ஒருநாள் விடுப்புக்கு எம்.சி. எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினான். ஹில்டா வாசலில் நின்று என்னவோ சொன்னாள்.

"என்னா?"

"மழ வரும்போல இருக்கு, பிளாஸ்டிக் போட்டுக் கட்டுங்கன்னு மூணு தடவ சொல்லிட்டேன்!"

"இந்தச் சில்வண்டுச் சத்தத்துல எங்க காதுல விழுது?"

"எந்தச் சில்வண்டு?" என்றாள் ஹில்டா. அதற்குள் அவன் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டான்.

குனோங் ராபாட் கடை வரிசையில், சீனர் கோப்பிக் கடைக்குப் பக்கத்தில் மத்தியாஸின் ரேடியோ ரிப்பேர் கடை. பின்பக்கக் கதவைத் திறந்தால் சுண்ணாம்பு மலை நேராக நிற்கும். மத்தியாஸுக்கு ஐம்பத்தைந்து வயது. பழுதைப் பழுது என்று சொல்லமாட்டார்; திருடன் என்பார். சீனி முன்னாலேயே வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தாளம் போட்டுப் பார்க்கக் குச்சிகளும் கொண்டுவந்திருந்தான். மாலைக்குள் அர்ச்சுனனுக்குப் போன் போட்டு முடிவு சொல்லவேண்டிய பொறுப்பும் அவனுடையதுதான்.

மத்தியாஸ் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இந்தக் குமிழ யாரு கடைசி வரைக்கும் திருகி வச்சது?"

"நான்தாண்ணே. சரியா கேக்கல, அதான்."

"அதான் கல்யாண வீட்டுல கத்தியிருக்கு. இத இவ்ளோ தூரம் திருகினா போன சத்தமே மறுபடி மறுபடி உள்ள போயி கத்தும்லா. சரி, அது திருடன் இல்ல. திருடன் உள்ள இருக்கான். நான் ஒண்ணொண்ணா கழட்டுவேன். எதக் கழட்டினா தொல்ல நிக்குதோ, அவன்தான் ஆளு."

மூடியைக் கழற்றினார். டேப்பை விரலால் தள்ளிப் பார்த்தார். மோட்டார் சரி. டேப்பை அழுத்திப் பிடித்து ஓட்டும் சின்ன ரப்பர் உருளையைத் தொட்டவர் விரலைப் பிரித்தார். பிசுபிசுவென்று ஒட்டியது. குனிந்து மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"டேய்... இது என்னாடா வாடை?"

லியோனார்ட் நெளிந்தான். "ரப்பரு தேஞ்சு காஞ்சுபோச்சுண்ணே. டேப்பு வழுக்குச்சு. அதான், அக்கா ரோசரிகிட்ட சொல்லி மரத்து மங்குலேர்ந்து கொஞ்சம் பால் கொண்டாரச் சொன்னேன். தொட்டுப் பூசி, அடுப்புக்கு மேல காய வச்சு மாட்டினேன்."

செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் அவன். கிழிந்த கால் சப்பாத்தா, ஒழுகும் வாளியா, எதுவானாலும் கித்தா என்று அங்கே சொல்லும் ரப்பர் மரத்தின் பாலை ஊற்றி ஒட்டியே பழக்கம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகும், அவன் அக்கா மிச்சமிருந்த பத்து ஏக்கரில் பால் எடுக்க மரப்பட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

சீனி ஸ்டூலிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். "மச்சான், கித்தாருக்குப் போயி கித்தா பால் ஊத்தியிருக்கியே! ஒரு எழுத்துதானே வித்தியாசம்னு நெனச்சிட்டியா?"

"சிரிக்காதடா. ரெண்டு வாரம் நல்லாத்தான் ஓடுச்சு."

"ஓடும்," என்றார் மத்தியாஸ். "அப்புறம் ஒரு பக்கம் தடிச்சு, ஒரு பக்கம் இளச்சுப் போவும். உருளை நொண்டுது, டேப்பும் நொண்டுது. சொரம் நேரத்துக்குத் திரும்பி வராது. தம்பி, கித்தா மரத்துக்கு வைத்தியம் பாக்கிற மாதிரி இதுக்குப் பாக்கலாமா?"

லியோனார்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த கல் ஒன்று நகர்ந்த மாதிரியும் இருந்தது. திருடன் அகப்பட்டுவிட்டான். தன் கை இல்லை, தன் வாசிப்பு இல்லை. ஒரு கரண்டி பால்.

மத்தியாஸ் உடைந்த டேப் ரெக்கார்டர்கள் கிடந்த பெட்டியைக் கிளறி, அதே அளவில் ஓர் உருளையைத் தேடி எடுத்தார். தேய்த்து, மாட்டி, டேப்பைச் சுற்றினார். லியோனார்ட் ஒரு சுரத்தை அடித்தான். டங்... டங்... டங். வரிசை பிசகாமல் திரும்பி வந்தது.

"ஹபிஸ்! வேல முடிஞ்சிச்சு!" என்று சீனி எழுந்தான். "கோப்பிக் கடையில போன் இருக்கு. அர்ச்சுனன் அண்ணனுக்குச் சொல்லிட்டு வாரேன். பெர்னார்ட் பாரிட் புந்தார்லயே தவளை பிடிக்கட்டும்."

"இரு மச்சான். ஒரு பாட்டு வாசிச்சுப் பாத்திருவோம்."

சீனி லியோனார்ட்டின் இடதுபக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டான். மேடையிலும் அவன் இடம் அதுதான். மேசை விளிம்பில் குச்சியால் நாலு தட்டு தட்டினான். ஐந்தாவது தட்டில் கித்தார் எழவேண்டும்.

எழுந்தது. கொஞ்சம் பிந்தி எழுந்தது.

சீனி நிறுத்தினான். மறுபடி நாலு தட்டு. மறுபடி பிந்தியது. மூன்றாம் தடவை அவன் குச்சியை மடியில் வைத்துவிட்டு மத்தியாஸைப் பார்த்தான்.

"என்னாடா?" என்றான் லியோனார்ட்.

"இன்னும் லேட்டு லா, மச்சான்."

"லேட்டு இல்ல. அந்த விசிலு உன் தட்ட மறைக்குது. அண்ணே, உருளை சரியாயிருச்சு, விசிலு அப்படியே இருக்கு பாருங்க. மெல்லிசா... ஈ...ன்னு. கேக்குதுல்ல?"

மத்தியாஸ் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டுக் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"உங்களுக்கு வயசாச்சுண்ணே. காது போயிருச்சு," என்று லியோனார்ட் சிரித்தான். "சீனி, உனக்குக் கேக்குதுல்ல?"

சீனி குனிந்து குச்சியின் நுனியைப் பார்த்தான். "கேக்குற மாதிரி இருக்கு," என்றான்.

மத்தியாஸ் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேலையில் இறங்கினார். கித்தார் வயரை மாற்றினார்.

"நின்னுச்சா?"

"இல்ல."

மேலே எரிந்த டியூப் லைட்டை அணைத்தார். சில நேரம் அதுகூடச் சத்தத்தைக் கிளப்பிவிடும்.

"நின்னுச்சா?"

"இல்லண்ணே."

மேசை மின்விசிறியை நிறுத்தினார். பிளக்கைத் திருப்பிச் சொருகினார். பெட்டியிலிருந்து தரைக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டினார். பக்கத்துக் கோப்பிக் கடைக்குப் போய் முதலாளித் தவுக்கேயிடம் என்னவோ சொல்லி, ஐஸ் பெட்டியை இரண்டு நிமிடம் நிறுத்திவைக்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். கேள்வியில் இருந்த குரல் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

"லியோ," என்றார் கடைசியில், ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தபடி. "குவாரியில டிரில் பிடிக்கிறப்ப காதுக்கு என்னா வைக்கிறே?"

"பஞ்சு. வேர்வையில நனஞ்சு விழுந்துரும். ஏண்ணே?"

"சும்மாதான்."

"அத வுடுங்கண்ணே. மோட்டாரப் பாருங்க, அதுலதான் இருக்கு. மோட்டாரு மாத்தினா போயிரும், நான் சொல்றேன். வேற மோட்டாரு இருக்கா?"

அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. மத்தியாஸ் மேசை டிராயரைத் திறந்து மூடினார். உள்ளே எதையும் தேடியதாகத் தெரியவில்லை.

வெளியே வானம் கறுத்துவிட்டது. பின்கதவு வழியாகத் தெரிந்த மலை ஈயம் பூசியது போல நின்றது. கோப்பிக் கடை வாசலில் துணியை எடுக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். சீனி கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து மணிக்குள் போன் வராவிட்டால் அர்ச்சுனன் பாரிட் புந்தாருக்குப் போன் போட்டுவிடுவார் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.

"மச்சான், நான் போயி சரியாச்சுன்னே சொல்லிர்றேன்," என்றான் சீனி. "ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம். நான் ஒன் வலதுபக்கமா வந்து உக்காந்துக்கிறேன்."

"ஏன், வலதுபக்கம்னா என்னா?"

சீனி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

"அப்படில்லாம் வேணாம்டா. கே.எல்.காரன் முன்னாடி விசிலோட போயி நிக்கச் சொல்றியா? இன்னிக்கே சரி பண்ணிட்டுத்தான் போவணும். அண்ணே, மறுபடி போடுங்க. இந்தத் தடவ திருடன விடக்கூடாது."

மத்தியாஸ் விளக்கைப் போட்டார். மின்விசிறியைப் போட்டார். பெட்டியின் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் முனக, டேப் சுற்ற ஆரம்பித்தது. ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு எரிந்தது. லியோனார்ட் கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, வலது காதைப் பெட்டியின் பக்கம் கொடுத்து உட்கார்ந்தான். கூட்டத்தில் பழகிய குரலைத் தேடுகிறவன் மாதிரி இருந்தது அவன் முகம்.

மலைக்குப் பின்னால் பளீரென்று வெட்டியது. இடி அடுத்த நொடியே கடைக் கூரையில் இறங்கியது. வரிசை முழுக்க ஒரே வீச்சில் மின்சாரம் போனது.

டியூப் லைட் அணைந்தது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. பக்கத்துக் கடையின் ஐஸ் பெட்டி ஒருமுறை உலுக்கி அடங்கியது. எக்கோ பெட்டியின் டேப் இழுத்து, தளர்ந்து, அசையாமல் கிடந்தது. ஸ்பீக்கரின் சிவப்பு விளக்கும் மெல்ல மங்கிச் செத்தது. மழை இன்னும் விழ ஆரம்பிக்கவில்லை. அந்தக் கடையில் கழற்ற இனி எதுவுமே பாக்கி இல்லை.

மத்தியாஸ் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்கவில்லை. லியோனார்ட் கண்ணைத் திறந்தான். நின்றுபோன டேப்பைப் பார்த்தான். அணைந்த விளக்கைப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கி, செமோரில் பொத்தாமல் விட்ட காதை மெதுவாகப் பொத்தினான்.

"அண்ணே... விசிலு இன்னும் நிக்கலயே."