மாமனார் காருக்கு வந்த நீலக் கதவு

என் மாமனாருக்கு இரண்டு மகள்கள், ஒரு கார். மகள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டார். காரை மட்டும் யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. அதற்கு இருபத்தாறு வயது. கிளம்புவதற்கு முன் நாலு தடவை இருமும். நான் வீட்டோடு மாப்பிள்ளை, முன் அறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவன். அந்தக் காரைத் துடைக்கும் உரிமை எனக்கு உண்டு, அதுவும் மெல்லிய துணியால்.

வாங்கும்போது வான நீலமாம். நான் பார்த்த நாளிலேயே நீலம், பச்சை, சாம்பல் என்று ஒட்டுப் போட்ட பழைய பை மாதிரிதான் நின்றது. மாமனாருக்கு ரொம்ப நாளாகக் கண்ணில் புரை. எங்காவது உரசிவிட்டு வந்தால் டப்பாவும் பிரஷுமாக உட்கார்ந்து தானே பெயிண்ட் அடிப்பார். முடித்ததும், "பாருங்க, இடிச்ச இடமே தெரியல!" என்பார். நாங்களும் பூம்பூம் மாடு கணக்காகத் தலையாட்டுவோம். அவர் சத்தம் போட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். அவரிடம் போய் உண்மையைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஒருவழியாகக் கண் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். மாமியாரோடு பெரிய மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது என் மனைவியிடம் சொன்னார்: "வந்ததும் பக்கத்துல உக்காந்து ஒரு ரவுண்டு பார்க்கறேன். ஒழுங்கா ஓட்டினா சாவி உனக்கு. அதுவரைக்கும் வண்டியை யாரும் தொடக்கூடாது." சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அலமாரிச் சாவி எங்கே இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவாள். லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருடமாக அந்தச் சாவிக்காகக் காத்திருந்தாள். அப்பா தெருமுனை தாண்டியதும், சும்மா பழகிப் பார்க்கலாம் என்று வண்டியைப் பின்னால் எடுத்தாள். கேட் தூண் ஒதுங்கி வழிவிடவில்லை. இடது கதவு சப்பையாகிவிட்டது.

இறங்கி வந்து பார்த்தாள். "இனிமே இந்த ஜென்மத்துல எனக்குச் சாவி கிடையாது" என்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். தெருவில் அவனுக்கு ஸ்பேனர் என்று பெயர். "புதுக் கதவுக்கு எங்கண்ணே போறது? இதைச் செஞ்ச கம்பெனிக்காரனே மறந்திருப்பான். பழைய இரும்புக் கடையில இதோட கூடப்பிறந்தது ஏதாவது செத்துக் கிடக்கும், வாங்க" என்றான்.

கடையில் கார்கள் மூன்று அடுக்காகக் கிடந்தன. நாங்கள் தேடியது நடு அடுக்கில், தலைமேல் ஒரு வேனைச் சுமந்துகொண்டு. "கழட்டறது உங்க பாடு. மேல இருக்கறது விழுந்தா அதுவும் உங்க பாடு" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கீல் போல்ட்டுகள் துருப்பிடித்து அசைவேனா என்றன. ஸ்பேனர் எண்ணெய் ஊற்றினான், சுத்தியலால் தட்டினான், போல்ட்டின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். திட்டுக்குத்தான் அசைந்தது என்று இன்றுவரை சாதிக்கிறான். கதவைத் தாங்கிப் பிடித்த நான் இரண்டு நாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் கிடந்தேன்.

சப்பையான கதவிலிருந்து பூட்டைக் கழற்றி இதில் பொருத்தினோம், அதே சாவி சேர வேண்டுமே. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியையும் மாற்றினோம். மூன்றாம் நாள் மாலை கதவு ஒரே தள்ளில் மூடியது. துடைத்தால் அசல் வான நீலம்! வேனின் நிழலிலேயே கிடந்ததால் துளிகூட மங்கவில்லை.

"கொஞ்சம் பச்சை கலந்து அடிச்சிடலாமாண்ணே? மத்ததோட ஒட்டல" என்றான் ஸ்பேனர்.

நூல் கலர் பார்த்தே சோறு தின்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? "அவருக்கு எல்லாம் ஒரே கலர்தான்டா. விடு" என்றேன். மனைவியும் சரி என்றாள். கண் ஆபரேஷனுக்குப் போன மனிதர் கண் தெரிந்துதான் திரும்பி வருவார் என்பது எங்கள் மூன்று மண்டைக்கும் எட்டவில்லை.

மறுநாள் வந்து இறங்கியவர் நேரே வண்டியிடம் போனார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு சுற்று சுற்றி வந்து, நீலக் கதவைத் தடவிக்கொண்டே நின்றார்.

"எவன்டா என் வண்டியை மாத்தினது?" தெரு வாசலுக்கு வந்துவிட்டது. "இந்த ஒரு கதவுதான் என்னுது. மத்ததெல்லாம் எவன் வண்டியிலேருந்து கழட்டி மாட்டினீங்க?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஸ்பேனர் முந்திக்கொண்டு, "ஆமா சார், திருட்டுப் பசங்க காலம்..." என்று ஆரம்பித்தான். நானும் அதையே பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அப்பா, அந்தக் கதவு மட்டும்தான் உங்களுது இல்ல. நான் தூண்ல இடிச்சிட்டு, பழைய இரும்புக் கடையிலேருந்து மாத்தினது. மத்ததெல்லாம் உங்க வண்டிதான். நீங்க அடிச்ச பெயிண்டுதான்."

ஒன்றரை வருடக் காத்திருப்பை அவளே போட்டு உடைத்துவிட்டாள்.

அவர் மறுபடி சுற்றினார், இந்தத் தடவை மெதுவாக. ஒவ்வொரு பச்சையையும் சாம்பலையும் விரலால் தொட்டார். பதினோரு இடம்.

"இத்தனை இடத்துலயா இடிச்சேன்?" குரல் இறங்கிவிட்டது. "உங்கம்மாவைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டா?"

பையை இறக்கிக்கொண்டிருந்த மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் கண்ணை மூடிக்குவேன்" என்றார்.

"ஏன் யாருமே சொல்லல?"

"பயம்ப்பா" என்றாள் என் மனைவி.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் கண்ணை மறைத்ததில் புரைக்குப் பாதிப் பங்கு என்றால் எங்களுக்குப் பாதி. அவர் உள்ளே போய் அலமாரியைத் திறந்தார். சாவியோடு வந்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

அவள் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவர் வண்டிக்கு வெளியே தயங்கி நின்றார். அந்த வீட்டில் நான் இருந்த அத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"நான் எங்கேம்மா உக்காரணும்?" என்று கேட்டார்.