பச்சைக் கேட்டு வீடு

"சிதம்பரத்துல தண்ணி எப்படி இருக்கும்?" என்று ராஜமாணிக்கம் கேட்டபோது மங்கலம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"உப்பாத்தான் இருக்கும். ஏன்?"

"சும்மாதான்." செய்தியைப் படிக்கவிடாமல் அவர் போனில் ஒரு கட்டம் வந்து மறைத்தது. "பாரு, மறுபடியும் ஏத்துக்கிறியான்னு கேக்குது. நம்ம கல்யாணத்துலகூட என்னை இத்தன தரம் யாரும் கேக்கல."

"படிச்சுப் பாத்து அமுக்குங்க."

"நீ படி, நான் அமுக்கறேன்" என்று 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டார். அவள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். பதினொரு மணிக்கு வகுப்பு வாசலில் பியூன் வந்து நின்றான். முதுநகர் பால் பூத் பக்கத்தில் விழுந்த ராஜமாணிக்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த பிறகு அவருடைய போன் அவளிடம் வந்தது. சமையல் கேஸ் பதிவெல்லாம் அந்த எண்ணில்தான். எதைத் திறந்தாலும் நடுவில் ஒரு பச்சைக் கேட்டு வீட்டு விளம்பரம். 'சிதம்பரம். தனியாக வசிக்க ஏற்ற மாடி வீடு.' மழைச் செய்தியில் வந்தது. சமையல் குறிப்பில் வந்தது. ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு பெங்களூரில் இருக்கும் மகன் எழிலனைக் கூப்பிட்டாள்.

"எங்க ஸ்கூல் டீச்சர் ஒருத்தவங்க கேக்கறாங்கப்பா. பாக்காத வீட்டு விளம்பரம் போன்ல வருமா?"

"எங்கயாச்சும் வீடு பாத்திருப்பாங்கம்மா. அந்த சைட்டு போன்ல குக்கீன்னு ஒரு அடையாளம் வச்சிடும். அப்புறம் எந்தப் பக்கம் போனாலும் அதப் பாத்துக்கிட்டு விளம்பரம் பின்னாலயே வரும்."

"அப்ப அந்த ஆளுதான் தேடியிருக்கணும்."

"பின்ன?"

முப்பத்தோரு வருஷம். இந்தத் தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது அவளுடைய இரண்டு மூட்டைப் புத்தகங்களை அவர் பழைய பேப்பர்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்போது நாலு நாள் அவரோடு பேசவில்லை. அதைத் தவிரப் பெரிய சண்டை என்று எதுவும் கிடையாது. ஆனால் மாதம் ஒரு தரம் சிதம்பரம் போவார். கூட வேலை பார்த்த சபாபதிக்கு உடம்பு முடியவில்லை என்பார். போகிற அன்று இஸ்திரி போட்ட சட்டைதான். உடம்பு முடியாதவனைப் பார்க்க இஸ்திரிச் சட்டை எதற்கு? இத்தனை நாள் தோன்றாதது இப்போது தோன்றியது. பீரோவிலிருந்த சட்டைப் பைகளையெல்லாம் துழாவினாள். பஸ் டிக்கெட்டுகள்தான் கிடைத்தன. விளம்பரத்தில் இருந்த எண்ணை அவர் பேசிய அழைப்புகளில் தேடினாள். இருந்தது. சாவதற்கு இரண்டு நாள் முன்பு, ஏழு நிமிஷம்.

சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

பச்சைக் கேட்டைத் திறந்த சௌந்தரம் என்கிற வீட்டுக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வீடு பாக்கவா? தனியாவா வந்தீங்க?"

"முதுநகர்லேருந்து ராஜமாணிக்கம்னு ஒருத்தர் பேசினாரா?"

"ஆமா, பேசினாரு. ஒரு பொம்பள தனியா இருந்தா பயமில்லையான்னு கேட்டாரு."

மங்கலம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பொம்பள?"

"பேரு சொல்லல. யாருங்க உங்களுக்குன்னு கேட்டேன், வேண்டியவங்கன்னாரு. ராத்திரி ரொம்ப நேரம் படிப்பாங்களாம், அதனால லைட்டு நல்லா இருக்கணும்னாரு. எல்லாம் கேட்டுட்டு, தண்ணி எப்படின்னாரு. போர் தண்ணி உப்புங்கன்னேன். அப்ப வேணாம்மா, அவங்களுக்கு ரெண்டு தரம் கல்லடைப்பு வந்திருக்குன்னு வச்சிட்டாரு."

இரண்டு தரம் கல்லடைப்பு வந்தது மங்கலத்துக்குத்தான்.

புத்தகம் போன அந்த நாலு நாளும் டீச்சர்கள் அறையில் உட்கார்ந்து, தன் போனில், சிதம்பரத்தில் ஒற்றை ஆள் இருக்க வீடு தேடியிருந்தாள். கோபம் ஆறியதும் மறந்தும் போனாள். விளம்பரம் என்று தெரிந்தாலே அவள் விரல் தள்ளிவிடும். அவர்தான் எல்லாவற்றையும் நிறுத்திப் படிக்கிறவர்.

அங்கேயே நின்று எழிலனைக் கூப்பிட்டாள். "என் போன்ல தேடினது அப்பா போன்ல வருமா?"

"வரும்மா. பாஸ்வேர்டு மறந்துடுவீங்கன்னு ரெண்டுத்துக்கும் ஒரே மெயில்தானே போட்டு வச்சேன்."

"இத ஏண்டா அன்னிக்கே சொல்லல?"

"யாரோ டீச்சர்னு சொன்னியே! அப்பாவும் இப்படித்தான் கேட்டாரு. சபாபதி மாமா போன்ல, பாக்காத விளம்பரம் வருதாம்னு. அவங்க வீட்ல வேற யார் போன்லயாவது அதே மெயில் இருக்கும், அவங்க தேடியிருப்பாங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு அப்பா என்ன சொன்னாரு?"

"சரிப்பான்னு வச்சிட்டாரு. ஏம்மா, எங்க இருக்க நீ?"

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். சௌந்தரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"கேன் தண்ணி தீந்துபோச்சும்மா. குழாத் தண்ணிதான்."

மங்கலம் வாங்கி, பாதிச் சொம்பு குடித்தாள். உப்பாகத்தான் இருந்தது.