அப்பாவை ஒப்படைக்கிற ஏழு மணி நேரம்

எனக்கும் தம்பிக்கும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேச வருஷத்தில் நான்கு தடவைதான் வாய்க்கும். தடவைக்கு ஏழு மணி நேரம். அதுவும் ஒரு விமானத்தில் இறங்கி அடுத்த விமானத்தில் ஏறுவதற்கு நடுவே, ஊர் பேர் தெரியாத ஆட்கள் கால் நீட்டிப் படுத்திருக்கும் கூடத்தில். மற்றவர்களுக்கு அங்கே பொழுது நகராது. நாங்கள் அந்த ஏழு மணி நேரத்தைச் சொட்டு விடாமல் வழித்துச் சாப்பிடுவோம்.

காரணம் அப்பா. எழுபத்தாறு வயது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். அம்மா போன மறு வருஷத்திலிருந்து ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். ஒரு நாள் பனியனோடு தெருவில் இறங்கி, முதல் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று டிப்போ வரைக்கும் நடந்துவிட்டார். தனியாக விட முடியாத ஆள். நான் ஒரு நாட்டில் நர்ஸ், மூன்று மாத ஒப்பந்தம். சின்னவன் இன்னொரு நாட்டில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், அவனுக்கும் மூன்று மாதம் வேலை, மூன்று மாதம் விடுப்பு. நாற்பத்திரண்டு வயதாகி, தொப்பையும் போட்டுவிட்டவனை இன்னும் சின்னவன் என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு ஆகி, அறுந்துபோய்விட்டது. ஆகவே அவன் வந்தால் நான் போவேன், நான் வந்தால் அவன் போவான். நான்கு வருஷமாக அப்பா எங்களுக்கு இன்னொரு ஷிப்ட்.

முதல் தடவை இதே விமான நிலையத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டோம். நகரும் நடைபாதையில் நான் இந்தப் பக்கம் போகிறேன், அவன் அந்தப் பக்கம் போகிறான். என்னைப் பார்த்ததும் அவன் திரும்பி, நடைபாதைக்கு எதிராகவே ஓடினான், இருந்த இடத்திலேயே. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்து நிமிஷம்தான் பேச முடிந்தது. அடுத்த தடவை முதல் இரண்டு பயணச்சீட்டுகளையும் ஒத்துப்போகிற மாதிரி எடுக்க ஆரம்பித்தோம்.

ஏழு மணி நேரம் வேண்டும் என்று கேட்டது நான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முந்தைய விமானத்தைப் பிடித்தால் நான் மாலை ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். எங்கள் ஏற்பாட்டில் போனால் ராத்திரி பதினொன்றாகும். நடுவில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து ஒரு அம்மா வருவார். ஒரு பகல் பொழுதில் அப்பா தேய்ந்தா போய்விடுவார் என்று சின்னவனைக் கேட்டேன். அவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

அன்றைக்கு நான் பதினொன்றரைக்கு இறங்கினேன், அவன் பன்னிரண்டுக்கு. அந்த ஊருக்கும் எங்கள் வீட்டுக்கும் கடிகாரத்தில் வித்தியாசம் கிடையாது. வழக்கம்போல வீட்டு வாசலில் வண்டி ஏறியதுமே சின்னவன் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைத்துவிட்டு, வேலை பார்க்கிற நாட்டு சிம்மைப் போட்டுக்கொண்டுதான் வந்தான். தூண் ஓரத்தில் எங்கள் மேஜை காலியாக இருந்தது. முதல் மூன்று மணி நேரம் அப்பா பேச்சு எடுக்கக் கூடாது என்பது என் சட்டம். மூன்று மாதம் மூச்சு விடாமல் அவரைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அந்த மூன்று மணி நேரமாவது மூச்சு விட இடம் வேண்டும், எனக்கும் போய் மாட்டிக்கொள்வதற்கு முன் கொஞ்சம் இடம் வேண்டும்.

சாப்பிட்டோம். வாசனைத் திரவியக் கடையில் போய் வாங்குகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குப்பியாக அடித்துப் பார்த்தோம். அவன் தலையில் முடி எந்தெந்த நாட்டில் உதிர்ந்தது என்று நான் வரைபடம் போட்டுச் சொன்னேன். என் மேற்பார்வை நர்ஸ் எப்படி நடப்பாள் என்று நடந்து காட்டினேன், பக்கத்து மேஜைக்காரர் கூடச் சிரித்தார். பிறகு தூக்கம் வந்தது. அவன் தோளில் சாய்ந்து ஒன்றரை மணி நேரம் தூங்கினேன். கை மரத்துப்போயும் அவன் அசையவில்லை. அந்த வருஷத்திலேயே நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றரை மணிக்கு எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, ஆரம்பிக்கலாமா என்றேன். வார்டில் ஷிப்ட் மாறும்போது ஒப்படைக்கிற மாதிரிதான் அப்பாவையும் ஒப்படைக்க வேண்டும் என்று அவனைப் பழக்கி வைத்திருந்தேன். ஊசி, மாத்திரை, சாப்பாடு, சிறுநீர், தூக்கம், தோலில் புண் எதுவும் இருக்கிறதா, இந்த வரிசை. கடைசியில் சாவி. எங்கள் வார்டில் மருந்து அலமாரிச் சாவி கை மாறினால்தான் டியூட்டி கை மாறியதாக அர்த்தம். எல்லாம் சொல்லி முடிக்காமல் சாவியைத் தரவும் கூடாது, வாங்கவும் கூடாது. வரிசையை மாற்றினால் கோபம் வரும் எனக்கு.

ஊசி காலை ஆறரைக்குப் போட்டாகிவிட்டது என்றான். ஏஜென்சி அம்மாக்கள் ஊசி போடக் கூடாது என்பது அவர்கள் விதி. அதனால் புறப்படும் நாளில் இன்சுலினை நாங்கள் போட்டுவிடுவோம், ஏழு மணிக்கு வருகிற அம்மா முதல் வேலையாகச் சாப்பாடு கொடுத்துவிடுவார். பழைய அம்மா போன மாதம் நின்றுவிட்டார், இன்று முதல் புது அம்மா, நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறது என்றான். ஆறே முக்காலுக்கு இவன் வண்டி வந்துவிட்டது. சமையலறையைப் பூட்டி, அந்தச் சாவியை அப்பாவுக்கு எட்டாத ஆணியில் மாட்டி, வாசல் கதவையும் வெளியே பூட்டிவிட்டுக் கிளம்பினான். அப்படித்தான் செய்வோம், இல்லாவிட்டால் அப்பா எங்கள் பின்னாலேயே தெருவுக்கு வந்துவிடுவார்.

நான் குறுக்கே கேட்காமல் வரிசைப்படி கேட்டுக்கொண்டு போனேன். சிறுநீர், தூக்கம், முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு. நான்கு மணிக்கு அவன் பையிலிருந்து சாவி வளையத்தை எடுத்து மேஜையில் வைத்தான். இப்போ உன் டியூட்டி என்றான்.

வாசல் சாவி இரண்டு இருந்தது.

"இது ஏன்டா ரெண்டு இருக்கு?"

"பழைய அம்மா நிக்கும்போது அவங்க சாவியக் குடுத்துட்டுப் போனாங்க."

"அப்ப புது அம்மா எத வச்சு உள்ள போவாங்க?"

சின்னவன் முதலில் சிரித்தான். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறான். பிறகு அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். பதினைந்து தடவையும் அந்தப் பழைய அம்மா தன் சாவியால் தானே திறந்துகொண்டு போய்விடுவார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்கிற வேலையே எங்களுக்கு இருந்ததில்லை.

பர்ஸைத் திறந்து ஊர் சிம்மை எடுத்தான். அது கை தவறிக் கீழே விழுந்தது. இரண்டு பேரும் மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினோம். ஒரு வழியாக ஃபோனில் போட்டதும் செய்திகள் வரிசையாக விழுந்தன. தவறிய அழைப்புகள் பதினொன்று. கடைசியில் அந்த அம்மா எழுதியிருந்தார்: சார், ஒரு மணி நேரமா வாசல்ல நிக்கறேன், பூட்டிருக்கு, தட்டினாலும் சத்தம் இல்ல, அப்பாவ உங்ககூடவே கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு நினைக்கறேன், நான் கிளம்பறேன். நேரம் எட்டேகால். அப்பாவுக்குக் காது மந்தம். தட்டினால் கேட்காது.

ஊசி ஆறரைக்கு. சாப்பாடு இல்லை, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போயிருக்கும். சமையலறை பூட்டு. மணி நான்கு பத்து. வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே அவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

மாடி வீட்டு அம்மாவுக்குச் சின்னவன் ஃபோன் செய்தான். நல்ல மனுஷி. கேள்வி கேட்காமல் பூட்டுக்காரரை வரவழைத்தார். அவர் வர அரை மணி நேரமாயிற்று. நான் ஃபோனை வாங்கிக்கொண்டேன். உங்கள் வீட்டிலிருந்தே சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் விரலில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவுங்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறிவிடும் என்றெல்லாம் சொன்னேன். என் குரல் வார்டில் இருக்கிற மாதிரியே இருந்தது. பூட்டை உடைக்கிற சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றுகிற சத்தம் கூடக் கேட்டது. அந்த நேரத்திலும் அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்.

"உக்காந்திருக்காருங்க," என்றார். "சாப்பாட்டு மேஜைகிட்ட. தட்ட முன்னாடி எடுத்து வச்சிருக்காரு."

எனக்கு உயிர் வந்தது. சின்னவனைப் பார்த்து, உட்கார்ந்திருக்காராம் என்று தலையாட்டினேன். அவன் நெற்றியை மேஜையில் வைத்து அழ ஆரம்பித்தான். கையைத் தொட்டுப் பாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

வளையல் சத்தம் கேட்டது. "சில்லுன்னு இருக்குதுங்க," என்றார்.

டாக்டர் வந்து மாரடைப்பு என்று எழுதிவிட்டுப் போனதாக அந்த அம்மா பிறகு ஃபோனில் சொன்னார். அந்த வயதில் அப்படித்தான் எழுதுவார்கள். அப்பா ஏழு மணிக்குச் சரியாகத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷம் பஸ்களுக்கு நேரம் குறித்தவர். பெயர் மறந்தது, வீடு மறந்தது, சாப்பாட்டு நேரம் மறக்கவில்லை. பன்னிரண்டரைக்கே நான் சாவியைக் கேட்டிருந்தால் உயிர் இருந்திருக்குமா? எனக்குத் தெரிந்த மருத்துவத்தை வைத்துப் பார்த்தால் இருந்திருக்கலாம். அந்த நேரத்தில் நாங்கள் வாசனைக் குப்பி அடித்துக்கொண்டிருந்தோம்.

நான் கத்தினேன். ஒரு சாவி, ஒரே ஒரு சாவியைக் கொடுக்கத் தெரியாத மாட்டுக்கு யார் கிரேன் லைசென்ஸ் கொடுத்தது என்று கத்தினேன். கூடத்தில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவன் தலையைத் தூக்கி, மெதுவாகத்தான் சொன்னான்.

"ஏழு மணி நேரம் கேட்டது யாரு? அப்பா பேச்ச எடுக்காதன்னு சொன்னது யாரு?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவன் இன்னும் நிறுத்தவில்லை, ஆனால் இப்போது என்னிடம் சொல்லவில்லை, மேஜையிடம் சொன்னான்.

"கிரேன்ல அடுத்த ஆள் மேல ஏறி வந்து என் பக்கத்துல நிக்காம நான் சீட்ட விட்டு எந்திரிக்கவே மாட்டேன்க்கா. ஒரு நாள் கூட எந்திரிச்சதில்ல. வெறும் சரக்குப் பெட்டிக்கு."

நானும் அப்படித்தான். அடுத்த நர்ஸ் வராமல் ஒரு நோயாளியை விட்டு நான் வார்டு வாசலைத் தாண்டியதில்லை. பேருந்து கிடைக்காமல் அவள் மூன்று மணி நேரம் தாமதமாக வந்த நாளிலும் பசியோடு நின்றிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கு அவ்வளவு செய்தோம். அப்பாவுக்கு மட்டும், எப்படியும் சமாளித்துவிடுவார் என்று இருந்துவிட்டோம். சொந்தம் என்றால் தள்ளிப்போடலாம் என்று இரண்டு பேருக்கும் எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

சின்னவன் வேலைக்குப் போகிற விமானத்தை விட்டுவிட்டான். என்னுடைய விமானத்தில் அவனுக்கும் இடம் கேட்கக் கவுண்டருக்குப் போனோம். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம். ஒரு இடம் இருக்கிறது, ஆனால் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்காது என்றாள். பரவாயில்லை என்றேன். திரும்பி வருகிற தேதி என்ன என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான்கு வருஷமாக எங்களிடம் எப்போதும் ஒரு தேதி இருந்தது. அவன் தேதி தெரிந்தால் என் தேதி, என் தேதி தெரிந்தால் அவன் தேதி. சின்னவன் என் முகத்தைப் பார்த்தான். ஒரு வழிச் சீட்டு போதும் என்று நான் சொன்னேன். அந்தப் பெண் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

"அப்ப நாம இனிமே எங்கக்கா பாத்துக்கறது?"

அவன் அதைக் கேட்கிறபோது குரலில் கோபம் எதுவும் மிச்சமில்லை. சின்ன வயதில் இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பானே, அதே குரல். எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாமே, இனி நமக்கு என்ன தடை, நினைத்தால் நீ என் ஊருக்கு வரலாம், நான் உன் ஊருக்கு வரலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனி எப்போது பார்த்தாலும் இந்த முகம் எனக்கு இந்த நாளைத்தான் காட்டும், என் முகமும் அவனுக்கு அப்படித்தான்.

"பாத்துக்க வேணாம்டா," என்றேன்.

அவன் சரி என்று தலையாட்டினான்.