சங்கரேஸ்வரி பேர் இல்லாத அட்டை

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனை. காலை பத்து மணிக்கே இன்சூரன்ஸ் கவுண்டர் முன்னால் ஏழெட்டுப் பேர் ஆதார் நகலும் கையுமாக நின்றார்கள். எட்டு மாத வயிற்றுடன் சங்கரேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிரஷர் ஏறிவிட்டது, மதியத்துக்குள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பயம் இருந்ததே தவிர, செலவைப் பற்றி அவளுக்குத் துளிக் கவலை இல்லை.

ஏன் இருக்கப்போகிறது? சென்னைக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் குற்றாலீஸ்வரன், கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டானே. "கம்பெனி இன்சூரன்ஸ்ல உன் பேரைச் சேத்துட்டேன் சங்கரி. பிரசவமும் அதுலயே வந்துரும். நீ ஒண்ணுக்கும் யோசிக்காத" என்று. அதை அவள் வளைகாப்புக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். பிரசவச் செலவுக்கு ஒரு சீட்டுப் போட்டு வைக்கட்டுமா என்று அப்பா செல்லச்சாமி கேட்டபோதும், "எதுக்குப்பா? அவிய எல்லாம் பாத்துக்கிட்டாவ" என்று தடுத்தவள் அவள்தான்.

கவுண்டரில் இருந்த மிஸ்ரியா, குற்றாலீஸ்வரன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

"அக்கா, சார் பேரு இருக்கு. அவிய அப்பா பேரும் அம்மா பேரும் இருக்கு. உங்க பேரு இல்லையே."

"நல்லாப் பாரும்மா. சங்கரேஸ்வரி."

"மூணு பேருதான்க்கா இருக்கு."

சங்கரேஸ்வரி அங்கிருந்தே புருஷனுக்குப் போன் போட்டாள். "கம்ப்யூட்டர்ல ஏதும் தப்பா இருக்கும். ஆபீஸ்ல கேட்டுச் சொல்லுதேன்" என்றான். அதற்குப் பிறகு ஆறு தடவை அடித்தும் அவன் எடுக்கவில்லை.

ஆபரேஷன் யாருக்காகவும் காத்திருக்குமா? பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்து, காய்கறி லோடு அடித்துத்தான் செல்லச்சாமி குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டியை ஒரு வியாபாரியிடம் ஈடாக விட்டுக் கடன் வாங்கி, பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரைக் கிலோதான். கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரமாவது வைத்திருக்க வேண்டும் என்றார்கள். ஈட்டுப் பணம் முதல் வாரத்துக்கே பத்தாது. அப்புறம் வண்டியை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஐந்தாம் நாள் குற்றாலீஸ்வரனும் அவன் அம்மா வள்ளித்தாயும் வந்தார்கள். ரயில் விடியற்காலையிலேயே தென்காசிக்கு வந்துவிட்டது. இவர்கள் மருத்துவமனைக்கு வந்தது பதினொரு மணிக்கு, ஈரத் தலையோடு.

"சாரல் என்னமா விழுது மதினி" என்றாள் வள்ளித்தாய், சங்கரேஸ்வரியின் அம்மா மாரித்தாயிடம். "ஐந்தருவில தலையைக் குடுத்தா எடுக்க மனசே வரல."

கேட்டீர்களா? பேத்தி பெட்டிக்குள் கிடக்கிறாள். அப்பத்தாவுக்கு அருவிக் குளியல். மாரித்தாய் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போய்விட்டாள்.

சங்கரேஸ்வரி புருஷனைப் பார்த்தாள். "ஆபீஸ்ல கேட்டியளா?"

அவன் தன் அம்மாவைப் பார்த்தான்.

"அவன்ட்ட என்னத்துக்குக் கேக்கணும்? உன் பேரு வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்" என்றாள் வள்ளித்தாய். அவள் குரலில் ஒரு கூச்சமும் இல்லை. "தலைப்பிரசவம் பொறந்த வீட்டுச் செலவு. ஊரு ஒலகத்துல உள்ள வழக்கந்தானட்டி? ஆளுக்கு இவ்வளவுன்னு சம்பளத்துல பிடிப்பானாம். நானும் உங்க மாமாவும் சீக்காளிய, எங்க பேரைப் போடச் சொன்னேன். ரெண்டாவது பிள்ளைக்கு உன்னையச் சேத்துக்கிடலாம்லா."

"வழக்கம் இருக்கட்டும் அத்தை." சங்கரேஸ்வரி கண்ணைப் புருஷனைவிட்டு எடுக்கவில்லை. "நீங்க சேத்துட்டேன்னுலா என்ட்ட சொன்னிய?"

"இல்லன்னு சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்..." என்று மென்று விழுங்கினான் அவன்.

அவள் கையை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். கம்பெனி அனுப்பிய மெயில்கள் அதில் இருந்தன. கல்யாணமானவர்கள் முப்பது நாளைக்குள் மனைவி அல்லது கணவன் பெயரைச் சேர்க்கலாம், தவறினால் அடுத்த வருடம்தான் என்று மூன்று முறை நினைவூட்டியிருந்தார்கள். அவன் பூர்த்தி செய்த படிவமும் இருந்தது. மனைவி என்ற இடத்தில் 'சேர்க்க வேண்டாம்' என்று அவன் கையாலேயே குறித்திருந்தான்.

அவளுக்கு வயிற்றுத் தையலைவிட அது வலித்தது. மறந்துபோயிருந்தால்கூட மன்னித்திருப்பாள். இவன் படித்துப் பார்த்து, யோசித்து, வேண்டாம் என்று போட்டிருக்கிறான். போட்டுவிட்டு வந்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, நீ ஒன்றுக்கும் யோசிக்காதே என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பொய்யை நம்பி அவள் அப்பாவின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறாள். அழுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது.

"பொறந்த பிள்ளையைச் சேக்கவும் முப்பது நாள்தானாம். இப்பவே சேருங்க."

வள்ளித்தாய் குறுக்கே வந்தாள். "பேரே விடாத பிள்ளையை எந்தப் பேருல சேக்க? நாப்பத்தொண்ணாம் நாள் எங்க சாஸ்தா கோயில்ல வச்சுப் பேரு விடுததுதான் முறை. அதுக்கு முன்ன பேரை எழுதக் கூடாது."

"நாப்பத்தொண்ணாம் நாள் பாத்தா கெடு முடிஞ்சிரும் அத்தை. பேரும் வேண்டாம். மிஸ்ரியாட்ட கேட்டாச்சு, இது போதுமாம்." தலையணைக்குக் கீழிருந்து மருத்துவமனைக் காகிதத்தை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். 'சங்கரேஸ்வரியின் பெண் குழந்தை' என்று எழுதியிருந்தது. "என் கண்ணு முன்னால அனுப்புங்க."

வள்ளித்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குற்றாலீஸ்வரன் காகிதத்தைப் போட்டோ எடுத்து, அவள் சொல்லச் சொல்ல மெயில் எழுதினான். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்கு இன்சூரன்ஸ் உண்டு. பெட்டிச் செலவுக்காக வண்டியை விற்க வேண்டாம்; ஆனால் ஆபரேஷன் செலவுக்கு அது உதவாது, ஈட்டுக்குப் போன வண்டி போனதுதான். சங்கரேஸ்வரி அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவனுக்குப் போன உயிர் திரும்பிவந்தது. "நான் செஞ்சது தப்புதான் சங்கரி. அடுத்த வருசம் மொத ஆளா உன் பேரைச் சேத்துருதேன்."

"அதையும் பாத்த பொறவுதான் நம்புவேன்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நம்ப நட, நம்பி நடவாதேம்பாவ. நான் நம்பி நடந்துட்டேன். கல்யாணம் ஆனாலும் பிள்ளை பொறந்தாலும், வீட்டுல ஒரு ஆளு கூடினாலும் கொறஞ்சாலும், இன்சூரன்ஸ்ல யாரு யாரு பேரு இருக்குன்னு அந்த மாசமே அவவ கண்ணால பாத்துரணும். புருசன் சொன்னாவன்னு சும்மா இருக்கக் கூடாது. நான் இருந்தேன். எங்கப்பா இப்ப வண்டி இல்லாம, பாவூர்சத்திரத்துல கூலிக்கு மூட்டை தூக்குதாவ."