விளக்கை அணைக்கும் மரியாதை

சுரங்கப் பயிற்சி அறையில், கண்முன்னே நிஜம்போலப் படம் காட்டும் விஆர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது, லோடர் வண்டி ஓட்டுகிறவருக்குக் காது மடல்வரை கொதித்தது. இரண்டாவது தடவையும் அதே வளைவில், அதே ஆள்மேல் வண்டியை ஏற்றிவிட்டார். படத்தில்தான். ஆனால் மூன்றாவது தடவையும் ஏற்றினால், புதிதாக வந்த விதிப்படி நிஜ வண்டியின் சாவி கிடைக்காது. சுரங்கத்துக்கு மேலே துடைப்பம் பிடிக்க வேண்டியதுதான்.

பதினோரு வருஷத்தில் ஒருத்தரையும் உரசியதில்லை என்று பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் வாதாடினார். எதிரே நடந்து வருகிறவனுக்குக் கண் கூசக்கூடாதே என்று ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஊர்ந்துதான் போவாராம். டிரைவர்கள் எல்லோரும் காட்டுகிற மரியாதை அது. அணைத்ததும் நடக்கிறவன் சுவரோரம் ஒதுங்கிவிடுவான். இந்தப் படத்து மடையன் மட்டும் நேரே வந்து விழுகிறான்.

"அப்ப ஒரு தடவை அந்த மடையனா நீங்களே நடந்து பாருங்கண்ணே," என்று அந்த அம்மா கண்ணாடியை நீட்டினார்.

நடந்தார். எதிரே வந்த லோடரின் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. சட்டென்று அணைந்தது. கண்ணுக்குள் மஞ்சளாக ஏதோ மிதந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரைச்சல் இரண்டு சுவரிலும் மோதித் திரும்பியதில் வண்டி வருகிறதா, நிற்கிறதா என்றே பிடிபடவில்லை. நின்றிருக்கும் என்று நினைத்து இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் லோடரின் முன்னால் பாறை அள்ளும் பக்கெட் நெஞ்சுக்கு நேரே இருந்தது.

அவர் மனைவியின் தம்பி அதே சுரங்கத்தில் குழாய் மாட்டுகிறவன். வேலை முழுக்க நடையில்தான். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, டிரைவர் விளக்கை அணைத்தால் என்ன செய்வாய் என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

"நிறுத்திட்டு வழி விடுறீங்கன்னு அர்த்தம். நான் பாட்டுக்கு நடப்பேன்." அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "ஏன் மாமா, நீங்க நிறுத்துறது இல்லையா?"

அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

மறுநாள் மூன்றாவது தடவை. அந்த வளைவு வந்ததும் இடது கை தானாக விளக்கு சுவிட்சுக்குப் போனது. சொன்ன பேச்சு கேட்கிற கையாக இல்லை அது. தொடைக்கு அடியில் செருகி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பிரேக்கை மிதித்து வண்டியை அசையாமல் நிறுத்தினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த ஆள் முகத்தைச் சுளித்தபடி நடந்து, சுவரில் குடைந்திருந்த ஒதுங்குமிடத்துக்குள் போய்த் தன் தொப்பி விளக்கை ஆட்டிக் காட்டினான். அதன் பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

தேறிவிட்டதாகச் சொல்லி அந்த அம்மா சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"கொஞ்ச நேரம் உங்ககிட்டயே இருக்கட்டும்மா," என்று எழுந்து, டிரைவர்கள் உட்காரும் அறைக்குப் போனார். விஷயத்தைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. கண்ணாடி போட்டு விளையாடப் பெரியவருக்கு ஆசை வந்துவிட்டதாம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவனின் முழங்கையை அவர் இறுக்கிப் பிடித்தார்.

"அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அஞ்சு நிமிஷம் நடந்துட்டு வா. அப்புறம் உட்கார்ந்து சிரி."

பிடியை விடாமலே அவனைப் பயிற்சி அறையின் வாசல்வரை நடத்திப் போனார்.