கூட உட்காரும் வேலை

கிறிஸ்டினாவுக்குச் சங்கீதம் தெரியாது. பேச்சுக்குச் சொல்கிற தெரியாது இல்லை, சுத்தமாகவே தெரியாது. கோயிலில் எல்லோரும் பாடும்போது அவளும் வாய் திறந்தால் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிற வேலை அவளுக்கு. அப்படிப்பட்டவளிடம்தான் ராமநாதபுரத்து ஈஸ்வரி டீச்சர் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. மகள் ஷெரினுக்கு அப்போது ஒன்பது வயது. கீபோர்டு வகுப்பில் சேர்த்த அன்றைக்கே டீச்சர் சொல்லிவிட்டார்.

"வாசிக்கச் சொல்லிக் குடுக்கிறது என் வேலை. வீட்ல தினமும் அரைமணி நேரம் யாராச்சும் கூட உக்காரணும். அது உங்க வேலை."

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே டீச்சர்."

"தெரியாம இருக்கிறதுதான் நல்லது. தெரிஞ்சவங்க உக்காந்தா திருத்த ஆரம்பிச்சிருவாங்க. நீங்க பேசாம கேளுங்க, போதும்."

பேசாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதில் கஷ்டமான பகுதி. கிறிஸ்டினா நண்டுக் கம்பெனியில் எட்டு மணி நேரமும் வாய் ஓயாதவள். ஆனால் சாயங்காலம் ஆறரை ஆனால் பாயை விரித்து மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். எத்தனை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாலும் கையில் நண்டு வாடை போகாது என்பதால் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அடுத்த வீட்டில் சீரியல் அலறும். யாராவது கதவைத் தட்டினால், "ஏழு மணிக்கு மேல வாங்க" என்று உள்ளிருந்தே விரட்டுவாள். சொந்த அண்ணனையே அப்படி ஒருநாள் வாசலில் நிற்க வைத்தாள்.

கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒன்று மட்டும் அத்துப்படியானது. ராகமும் தாளமும் அல்ல, தன் பிள்ளை வாசிக்கிற விதம். கோயிலில் பாடுகிற காணிக்கைப் பாட்டில் மூன்றாவது வரி வரும்போது ஷெரினுக்கு இடதுகைச் சுண்டுவிரல் எட்டாது. கையைத் தூக்கி நகர்த்தி வைக்க வேண்டும். அந்த இடத்தில் பாட்டு ஒரு நொடி நிற்கும், பிறகு போகும். பாட்டே அப்படித்தான் போல என்று கிறிஸ்டினா நினைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் வேலை செய்துகொண்டே அதை முணுமுணுக்கும்போதும் அந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டுத்தான் தொடர்வாள். கூட இருக்கிற பெண்கள், "என்னடி, பாட்டுக்கு விக்கலா?" என்று கேலி செய்வார்கள்.

இனி பென்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிறிஸ்டினாவின் கணவன். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சொல்ல முடிந்திருந்தால் அவளுக்கு இத்தனை வலித்திருக்காது. குடி கிடையாது. மகள் மேல் உயிர். விசைப்படகிலிருந்து இறங்கி வந்தால், "எங்கப்பா வந்தாச்சு" என்று ஷெரின் தெருமுனைக்கே ஓடுவாள். அவனுக்கு ஒரே ஒரு வியாதி, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற வியாதி. ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுதான், இவனுக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஆண்கள் எல்லோரும் கரையில் கிடப்பார்கள். மாதா கோயில் திருவிழா அந்த மே மாதக் கடைசியில்தான் வரும். இந்த வருஷம் பென்னி திருவிழாக் கமிட்டித் தலைவர். பதினோரு வருஷத்துக்குப் பிறகு ஆயர், மறைமாவட்டத்துக்கே பிஷப், வருகிறார். போதாததற்குத் திருப்பலியை யூடியூப்பில் நேரலையாகப் போடுகிறார்கள், குவைத்திலிருந்து பென்னியின் அண்ணன் யாக்கோபு குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறார். பென்னிக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை வேட்டியை இரண்டு தடவை தேய்க்கக் கொடுத்தான்.

இதற்கிடையில்தான் காணிக்கைப் பாட்டுக்கு ஷெரின் வாசிக்கட்டும் என்று முடிவானது. பாடகர் குழுவை நடத்துகிற இமானுவேல் பென்னிக்குச் சித்தப்பா மகன். "நம்ம பிள்ளைதானே, வாசிக்கட்டும்" என்று அவனேதான் கேட்டு வந்தான். திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு ஒத்திகை. இரண்டாவது சரணத்தில் ஷெரினுக்குக் கை தடுமாறியது. பாடகர் குழு ஒரு பக்கம் போனது, கீபோர்டு இன்னொரு பக்கம் போனது. நாலைந்து பேர் சிரித்தார்கள். பிள்ளை முகம் சுண்டிப்போய் வீட்டுக்கு வந்தது.

அன்றைக்கு மட்டும் கிறிஸ்டினா டீச்சர் சொன்னதை மீறி வாயைத் திறந்தாள்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாக. நீ விட்ட எடத்துலயே நின்னு அழுதியா? எங்கனயோ போய்த் திரும்பப் பிடிச்சிட்டேல்ல. அதான் பெருசு. திருநாளன்னைக்கும் தப்பு வந்தா வரட்டும், நீ பாட்டுக்கு வாசி. நான் தூண் பக்கத்துல, ஒன் கை தெரியுற எடத்துல நிப்பேன்."

"நிப்பியாம்மா?"

"நிப்பேன்."

சொன்னபடி நின்றாள். திருவிழா அன்று விடியற்காலையிலேயே போய்த் தூணடியில் இடம் பிடித்து, யார் இடித்தும் நகரவில்லை. கோயில் நிரம்பி வாசல் வரை கூட்டம். ஷெரின் வெள்ளைக் கவுன் போட்டுக் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தாயை ஒருமுறை பார்த்தாள், சிரிக்கவில்லை. பயம் போலிருக்கிறது என்று கிறிஸ்டினா நினைத்தாள். தானே பயத்தில் ஜெபமாலையைப் பிய்த்துவிடுவாள் போலத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

காணிக்கைப் பாட்டு தொடங்கியது. முதல் வரி. இரண்டாவது வரி. கோயிலே நிறைகிற மாதிரி சத்தம். கிறிஸ்டினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்றாவது வரி வந்தது. கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்த அவள் வழக்கம்போல நிறுத்தி மூச்சு விட்டாள்.

பாட்டு நிற்கவில்லை.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம்தான். எட்டிவிட்டது, சுண்டுவிரல் எட்டிவிட்டது என்று பிள்ளையின் கையைப் பார்த்தாள். ஷெரினின் இடதுகை எப்போதும்போல மேலே எழும்பியிருந்தது. நகர்ந்து, இறங்கி, அடுத்த கட்டையில் உட்கார்ந்தது. அந்தக் கை அந்தரத்தில் நின்ற நேரமெல்லாம் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து இசை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த சரணத்திலும் அப்படியே. சவுண்ட் மிக்சர் பக்கத்தில் இமானுவேல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அதில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது.

அந்தக் கூட்டத்தில் இது வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்? பாடகர் குழுவிலிருந்த எட்டுப் பேருக்கும் தெரியும், அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர்களுக்கெல்லாம் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் போனதை நினைக்கையில் கிறிஸ்டினாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிள்ளை ஒரு சரணம்கூட ஏமாற்றாமல், சத்தமே வராத கட்டைகளில் கடைசிவரை ஒழுங்காக வாசித்து முடித்தது. நன்றி சொல்லும் நேரத்தில் பங்குச் சாமியார் ஷெரினைக் கூப்பிட்டு, ஆயர் கையால் பொன்னாடை போர்த்த வைத்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும். கோயிலே கை தட்டியது. கிறிஸ்டினா தட்டவில்லை.

திருப்பலி முடிந்ததும் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த இமானுவேல் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, எம் பிள்ளை வாசிச்சது ஏன் கேக்கல?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மதினி, மெதுவா. வீட்ல போயி நான் வாசிச்சு ரெக்கார்டு பண்ணி வச்சது அது. ஆயர் வாராரு, லைவ் வேற போகுது. பென்னி அண்ணன்தான் ரிஸ்க் வேண்டாம்னுட்டாரு. எங்கிட்ட ஏன் கோவிக்கிறீக?"

பென்னி கோயில் வளவில் போட்டிருந்த பந்தலில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தான். வாயெல்லாம் பல். குவைத்திலிருந்து அண்ணன் போன் செய்து அழுதுவிட்டாராம், அதை ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கிறிஸ்டினா அவன் சட்டைக்கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. "கேட்டா நீ ஒத்துக்க மாட்டேன்னு தெரியும். அதான் கேக்கல."

"ரெண்டு வருசம் பக்கத்துல உக்காந்திருக்கேன்ங்க."

"அதுக்கு? அன்னைக்கு மாதிரி தப்பா வாசிச்சு ஆயர் முன்னாடி நாலு பேரு சிரிச்சா நல்லா இருக்குமா? ஒலகம் பூரா பாக்குது."

"சிரிச்சிருந்தா அது வாசிச்சதக் கேட்டுச் சிரிச்சிருப்பாக. இப்பக் கை தட்டுறாகளே, அது யாருக்கு?"

"ஏய், சும்மா இரு. பிள்ளையே அழல, நீ ஏன் குதிக்கிற? நேத்து பக்குவமா சொன்னேன். கேட்டுச்சு, ஒடனே சரின்னுருச்சு. அதுக்கு இருக்கிற புத்தி ஒனக்கு இல்ல."

உடனே சரி என்றதா? தூங்கும்போதும் போர்வை மேல் விரல் ஓட்டுகிற பிள்ளையா? கிறிஸ்டினாவுக்கு நம்ப முடியவில்லை. அவனை அங்கேயே விட்டுவிட்டு மகளைத் தேடிப் போனாள். போகும்போதே மனசுக்குள் பேசிக்கொண்டாள். போகட்டும், யார் ஏமாற்றினாலும் நாமிருவரும் ஒரு பக்கம்தான், அது போதும் என்று.

கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வேதபாட அறையில் ஷெரின் தனியாக உட்கார்ந்திருந்தாள். பொன்னாடை மடியில் கிடந்தது. கிறிஸ்டினா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மூணாவது வரியில நீ நின்ன. பாட்டு நிக்கல. நான் பாத்தேன்டி."

ஷெரின் நிமிர்ந்து பார்த்தாள். "கவனிச்சியா?"

"கவனிக்காம? நீ எல்லாம் சரியாத்தான் வாசிச்ச. ஒங்கப்பாவும் இமானுவேலு சித்தப்பாவும் சேந்து நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாக."

"நம்ம ரெண்டு பேரையுமா?" பிள்ளையின் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "நீதானம்மா வேண்டாம்னு சொன்ன."

"யாரு?"

"நீதான். அப்பா சொன்னாங்க. அம்மாதான தெனமும் உக்காந்து கேக்குறா, இன்னும் சரியா வரலன்னு அம்மாவே சொல்லிட்டான்னு. அப்பா மட்டும் வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன். அப்பாவுக்கு என்ன தெரியும்? நீ சொன்னன்னதும்தான் சரின்னேன்."

காலையில் தூணடியைப் பார்த்த பிள்ளை ஏன் சிரிக்கவில்லை என்று கிறிஸ்டினாவுக்கு இப்போது புரிந்தது. தன்னை நம்பாத தாய் எதற்கு இப்படி வந்து நிற்கிறாள் என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கும்.

"நான் சொல்லலடி. மாதா மேல சத்தியமா அப்பிடி ஒரு வார்த்த நான் சொல்லல."

"அப்ப அப்பா பொய் சொல்றாங்களா?"

"ஆமா. பொய்தான். இரு, அவக வாயாலயே சொல்லச் சொல்றேன்." எழுந்து வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாள். கூப்பிட்ட சத்தத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது.

பென்னி சோற்றுக் கரண்டியோடு வந்தான். பின்னாலேயே கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் எப்பச் சொன்னேன், பிள்ளைக்கு வரலன்னு? இது மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

ஒரு வார்த்தை போதும். 'நான்தான் அம்மா பேரைச் சொன்னேன்' என்றால் முடிந்தது. பென்னி மகளைப் பார்த்தான். அவள் அவனைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவர்களையும் ஒருதரம் பார்த்தான்.

"ரெண்டு பேரும் பேசித்தான்மா முடிவு பண்ணோம்" என்றான் மகளிடம். "இப்ப ஊரே ஒன்னப் பாராட்டவும் ஒங்கம்மாவுக்கு மனசு மாறிருச்சு. வேற ஒண்ணுமில்ல. நீ வா, சாப்பிடலாம்."

"அடப்பாவி" என்றாள் கிறிஸ்டினா. பதினான்கு வருஷம் கூட வாழ்ந்தவன் கண்ணெதிரே நின்று பழியை அவள் தலையில் போட்டுவிட்டு, பந்தியில் ஆள் காத்திருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஷெரின் எழுந்து வந்து தாயின் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதம்மா. அப்பாவத் திட்டாத. நீ பயந்துபோயித்தான் சொல்லியிருப்ப, எனக்குத் தெரியும். எனக்குக் கோவமே இல்ல."

"ஷெரினு, நான் சொல்றதக் கேளு..."

"ஆனா ஒண்ணும்மா. இனிமே சாயங்காலம் நீ எம் பக்கத்துல உக்கார வேண்டாம். நீ கேட்டுக்கிட்டு இருந்தா, சரியா வருதா இல்லையான்னு உள்ளுக்குள்ள நெனைக்கிறியோன்னே இருக்கும். நான் தனியாவே வாசிச்சுக்கிறேன்."